அகராதி போதும் என்பவருக்கு

ஆவி, சாவு பற்றிய ஆங்கிலத் தொடர்களை லத்தீனாக்க அகராதி ஒன்றே போதும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். லத்தீன் செத்த மொழியாம். பச்சை குத்தினாலும் கல்லறையில் பொறித்தாலும் பிழை கண்டுபிடிக்க ஆளில்லையாம். இந்த வாதம் எந்த இடத்திலும் நிற்கவில்லை.

ஆளில்லையா? 2013 பிப்ரவரி 11 அன்று போப் பதினாறாம் பெனடிக்ட் தம் பதவி விலகலை லத்தீனில்தான் அறிவித்தார். அதைக் கேட்டுப் புரிந்துகொண்டு செய்தியை உலகுக்குத் தந்தவர் ஜொவான்னா கிர்ரி என்ற இத்தாலியச் செய்தியாளர்.

'ஸ்பிரிட்' என்றால் 'ஸ்பிரிட்டுஸ்', வேலை முடிந்தது என்பது கட்டுரையாளரின் அடுத்த துணிச்சல். ஸ்பிரிட்டுஸ் அடிப்படையில் மூச்சு. உடலை இயக்கும் உயிர் அனிமா. சிந்தையும் துணிவும் அனிமுஸ். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டவும், இரண்டும் உடலோடு அழிபவை என்று நிறுவவும் ரோமானியக் கவிஞர் லுக்ரேஷியஸ் தம் நூலின் மூன்றாம் பகுதியையே ஒதுக்கினார். இறந்தவரின் நிழலுரு உம்ப்ரா. முன்னோர் ஆவிகள் மானேஸ். அது பன்மையில் மட்டுமே வரும் சொல். ரோமானியக் கல்லறைகளின் தலைப்பில் காணும் டி.எம். என்ற இரண்டெழுத்து அந்த மானேஸுக்கான காணிக்கை. உயிர், ஆவி, மனம் மூன்றும் ஒன்றல்ல என்று தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கட்டுரையாளருக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

வேற்றுமை உருபு அலங்காரம் என்கிறார். 'ஸ்பிரிட்டுஸ் மோர்டிஸ்' என்றால் சாவின் ஆவி. 'மோர்ட்டுயி' என்றால் இறந்தவனின் ஆவி, 'மோர்ட்டுவே' என்றால் இறந்தவளின் ஆவி. தாயின் கல்லறையில் ஓர் ஈறு பிசகினால் அவள் ஆணாகிவிடுகிறாள். இது அலங்காரமா?

மானம் போவதைவிடச் சாவதே மேல் என்பதை ஆங்கிலத்தில் 'அவமானத்துக்கு முன் மரணம்' என்கிற அமைப்பில் சொல்கிறார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, 'முன்' என்பதற்கு 'ஆன்ட்டே' போட்டால், முதலில் சாவு, பிறகு அவமானம் என்ற கால வரிசையே படிப்பவர் கண்ணில் படும். லத்தீன் இதற்கு 'போட்டியுஸ்… குவாம்' என்ற ஒப்பீட்டை வைத்திருக்கிறது. பிரான்சின் பிரிட்டனி மக்களின் பழைய முழக்கவுரை அந்த அமைப்பில்தான் இருக்கிறது.

சாவைச் சொல்வதில் ரோமானியர் காட்டிய கவனத்தையும் அவர் அறியவில்லை. கி.மு. 63இல் ரோமுக்கு எதிராகச் சதி செய்த கட்டிலினாவின் கூட்டாளிகளுக்கு மரண தண்டனை நிறைவேறியதும், கான்சல் சிசரோ கூட்டத்திடம் செத்தார்கள் என்று சொல்லவில்லை. 'வாழ்ந்தார்கள்' என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லால் அறிவித்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். சாவை வாய்விட்டுச் சொல்வது அபசகுனம். இதை எந்த அகராதியில் தேடுவார்?

பச்சை குத்திய வரியின் பொருளை அணிபவரே தீர்மானிக்கிறார் என்ற அவருடைய கடைசி வாதம் வெறும் தப்பித்தல். அப்படியானால் லத்தீனே எதற்கு? அந்த மொழியின் கனம் வேண்டும், அதன் இலக்கணம் மட்டும் வேண்டாம் என்பது நேர்மையற்ற கோரிக்கை.

கல்லில் வெட்டும் முன் லத்தீன் படித்த ஒருவரிடம் அந்த வரியைக் காட்டுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் ஆங்கிலத்திலேயே பொறியுங்கள். இறந்தவருக்கு அது போதும்.