உப்புக்குச் சப்பாணி

டிஸ்கி: ஹோமியோபதி மேல தீவிர பக்தி உள்ளவங்க பிரஷர் மாத்திரை போட்டுக்கிட்டு படிக்கவும். (அலோபதி மாத்திரைங்க. சர்க்கரை உருண்டை இல்ல.) :-)

கீழே ஒரு ஆளைப் பத்திச் சொல்றேன். உங்களுக்குத் தெரிஞ்சவரான்னு பாருங்க.

மனசுக்குள்ள பழைய துக்கம் ஒண்ணு கிடக்கும், வெளியே காட்டிக்க மாட்டார். ஆறுதல் சொன்னா எரிச்சல் வரும். அழணும்னா தனியாப் போய்தான் அழுவார். சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம். வெயில் ஆகாது. காலைல பத்து மணி வாக்கில சுத்தியலால அடிக்கிற மாதிரி தலைவலி. கீழுதட்டுக்கு நடுவுல வெடிப்பு. சாப்பாட்டுல உப்பு தூக்கலா வேணும். பக்கத்துல ஆள் நின்னா சிறுநீர் வராது. வீட்டுல திருடன் புகுந்த மாதிரி கனவு வரும், எழுந்து மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்த்தாதான் நிம்மதி.

தெரிஞ்சவர்தானே? எனக்கே ஒரு இருபது பேரைத் தெரியும்.

இது யாரோட ஜாதகமும் இல்லை. 'நேட்ரம் மூர்' என்கிற ஹோமியோபதி மருந்துக்கான குறிகள். போரிக், ஆலன், கெண்ட் என்று யாருடைய மெட்டீரியா மெடிக்காவைப் புரட்டினாலும் இந்த ஆள் கிட்டத்தட்ட இதே முகத்தோட நிற்பார். சரி, நேட்ரம் மூர் என்பது என்ன? சோடியம் குளோரைடு. உங்க வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து ஜாடியில இருக்கே, அதே உப்புதான்!

தினமும் சாம்பார்ல போட்டு கிராம் கணக்கில் சாப்பிடுகிற உப்பு போக்காத துக்கத்தை, இந்த உருண்டை எப்படிப் போக்கும்? ஹோமியோபதியை உருவாக்கிய ஜெர்மானியர் ஹானிமன் இதற்கும் பதில் வைத்திருந்தார். சாதாரண உப்பில் மருத்துவ சக்தி தூங்கிக்கிட்டு இருக்கு, அரைத்து, நீர்க்கவைத்து, குலுக்கினால் எழுந்துக்கும் என்பது அவருடைய வாதம்.

எவ்வளவு நீர்க்க வைப்பது? இங்கதான் கணக்கு வருது. ஒரு பங்கு உப்புக்கு 99 பங்கு தண்ணீர், அது 1 சி. அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கு தண்ணீர், 2 சி. இப்படி முப்பது தடவை செய்தால் 30 சி. அதாவது 1-க்குப் பின்னாடி 60 பூஜ்யம் போட்டு, அதில் ஒரு பங்கு. சுமார் 12 சி தாண்டும்போதே உப்பின் ஒரு துகள்கூட மிச்சம் இருக்க வாய்ப்பில்லை. 30 சி-யில் உலகத்துக் கடலை எல்லாம் பாட்டிலில் பிடித்தாலும் அந்த ஒரு துகள் மாட்டாது. 200 சி பத்திப் பேசவே வேணாம். உருண்டையை நாக்கில் வைத்ததும் உங்க எச்சிலில் இருக்கிற சோடியம் அதைப் பார்த்துச் சிரிக்கும்.

"அதெல்லாம் இல்லீங்க, நான் பயோகெமிக் 6 எக்ஸ் சாப்பிடறேன், அதுல நிஜமாவே உப்பு இருக்கு" என்பவர்களுக்கு: ஆமாம், இருக்கு. ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம். ஒரு விள்ளல் இட்லியில அதைவிடப் பல ஆயிரம் மடங்கு இருக்கும்.

சரி, அளவை விடுங்க. இந்தக் குறிகள் எங்கிருந்து வந்தன? ஆரோக்கியமா இருக்கிற ஆட்கள் மருந்தைச் சாப்பிட்டு, அதுக்கப்புறம் உடம்பிலும் மனசிலும் தோன்றியதை எல்லாம் எழுதி வைத்தார்கள். 'ப்ரூவிங்' என்று பேர். மூக்கு அரித்தாலும் மருந்தால, கெட்ட கனவு வந்தாலும் மருந்தால. மருந்தே சாப்பிடாமல் மூணு வாரம் உட்கார்ந்து எழுதினாலும் நமக்கு ஒரு நோட்டு நிரம்புமே? வெறும் தண்ணியைக் குடித்தவனோட ஒப்பிட்டுப் பார்த்தாத்தானே எது மருந்தோட வேலைன்னு தெரியும்?

இதை யாரும் கேட்கலையான்னா, கேட்டாங்க. 1835-லேயே கேட்டாங்க, அதுவும் இதே உப்பை வெச்சு. ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்தில் ஹோமியோபதி பெரிய வீடுகளில் எல்லாம் பரவுவதைப் பார்த்து, வான் ஹோவன் என்ற மூத்த மருத்துவ அதிகாரி அதைத் தாக்கி எழுதினார். அவ்வூர் ஹோமியோபதி மருத்துவர் ராய்ட்டர் விட்ட சவால்: 30 சி உப்புக் கரைசலைச் சாப்பிட்டுப் பாருங்கள், ஒன்றுக்குப் பத்து பந்தயம், ஏதாவது உணராமல் இருக்க மாட்டீர்கள்!

ஊரே கூடிடுச்சு. 1835 பிப்ரவரியில் ஒரு சத்திரத்தில் 120 பேருக்கு மேல் திரண்டார்கள். 100 குப்பிகளுக்கு எண் போட்டு, கலைத்து, ஐம்பது ஐம்பதாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 30 சி உப்பு, மறு பாதியில் பனியை உருக்கி வடித்த வெறும் தண்ணீர். எது எந்த எண் என்ற பட்டியலை மூடி முத்திரை வைத்தாச்சு. குடித்தவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. மூன்று வாரம் கழித்து 50 பேர் தகவல் சொன்னார்கள். 42 பேருக்கு ஒண்ணுமே ஆகலை. ஏதோ உணர்ந்ததாகச் சொன்ன எட்டுப் பேரில் ஐந்து பேர் உப்பு, மூன்று பேர் வெறும் தண்ணீர்.

அவ்வளவுதாங்க. பந்தயம் கட்டின மாதிரி இருந்தா, உப்பு குடித்தவர்களில் பெரும்பாலானவர்கள் கை தூக்கியிருக்கணும்.

அப்புறம் ஏன் 'நேட்ரம் மூர் ஆள்' நமக்கு இவ்வளவு தெரிஞ்சவரா இருக்கார்? 1948-ல் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு 'உன் குணநலன்' என்று ஒரு தாள் கொடுத்தார். எல்லாருக்கும் ஒரே தாள், ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வரிகள். எவ்வளவு பொருந்துதுன்னு ஐந்துக்கு மார்க் போடச் சொன்னா, சராசரி 4.26! ராசிபலன் பார்த்துச் சிரிக்கிற நம்ம படிச்ச கூட்டம், அதையே லத்தீன் பேர்ல கொடுத்தா பயபக்தியோட வாங்கிக்குது.

சர்க்கரை உருண்டைதானே, என்ன கெட்டுப்போச்சு என்பீர்கள். அங்கதான் வயிறு எரியுது. அந்தக் குறிகளை மறுபடி படிங்க. இதே மருந்தின் பட்டியலில் சோர்வு, வெளிறிய உடம்பு, படபடப்பு, முடி கொட்டுதல் எல்லாமும் உண்டு. இரத்தசோகையா இருக்கலாம். தைராய்டா இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட்டில் தெரிந்துவிடும். சோர்வோடு உப்புக்கு ஏங்குவது அட்ரினல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். அதைக் கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து. தனியா அழுவது, யாரும் வேண்டாம் என்பது, தூக்கம் கெடுவது, இதெல்லாம் மனச்சோர்வு நோயா இருக்கலாம். உடம்பு அடிக்கிற எச்சரிக்கை மணியை, "அது உங்க டைப்புங்க" என்று சொல்லி அணைத்து விடுகிறார்களே, அதுதான் என் கோபம். உருண்டை ஒண்ணும் பண்ணாது. அதை நம்பிக் காத்திருக்கிற ஆறு மாசம் பண்ணும்.

"எங்க அத்தைக்குச் சரியாச்சே?" ஆகியிருக்கும். தலைவலி ஏறும், இறங்கும். உச்சத்துல இருக்கும்போதுதான் டாக்டரைத் தேடுவோம், அதுக்கப்புறம் இறங்கத்தானே செய்யும்? இன்னொண்ணு, ஹோமியோ டாக்டர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். மூணு நிமிஷத்துல சீட்டு எழுதி அனுப்புற நம்ம அலோபதி டாக்டர்கள் அதைக் கத்துக்கணும், மறுக்கவே இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கான பெருமையை உருண்டைக்குக் கொடுக்காதீங்க.

2015-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வுக் கவுன்சில் இருக்கிற ஆய்வுகளை எல்லாம் அலசி, ஹோமியோபதி பலன் தருகிறது என்று நம்பத்தகுந்த ஆதாரம் எந்த நோய்க்கும் இல்லை என்றது. 2021 முதல் பிரான்ஸ் அரசுக் காப்பீட்டில் இதற்குப் பணம் கிடையாது. இங்கேயோ 2020 ஜனவரியில், கொரோனா எட்டிப் பார்க்கும்போதே, ஆர்செனிகம் ஆல்பம் 30-ஐ வெறும் வயிற்றில் மூணு நாள் சாப்பிடச் சொல்லி ஆயுஷ் அமைச்சகம் அறிவுரை சொன்னது. அங்கே ஆர்செனிக், இங்கே உப்பு. 30 சி-க்கு அப்புறம் ரெண்டும் ஒண்ணுதான்.

சின்ன வயசு விளையாட்டுல குட்டித் தம்பியை உப்புக்குச் சப்பாணியா சேர்த்துக்குவோமே, ஞாபகம் இருக்கா? ஆட்டத்துல இருப்பான், ஆனா கணக்குல வரமாட்டான். விளையாட்டுக்கு அது சரி. வைத்தியத்துக்கு ஆகாது. உங்க வீட்டுல யாராவது நேட்ரம் மூர் ஆளா இருந்தா, தயவுசெஞ்சு ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. துக்கம்தான் காரணம்னா, மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. உப்பு ரசத்துலயே இருக்கட்டும்.