பாட்டியின் வெள்ளி ரூபாயும் ஒரு சிறு காந்தமும்

நாணயம் சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு என்று பலரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எதைச் சேர்ப்பது, எதற்காகச் சேர்ப்பது என்று கேட்டால் மட்டும் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "பழையதாகப் பார்த்துச் சேர், பின்னால் நல்ல விலைக்குப் போகும்." இந்த விடையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் இல்லை என்பதையும், அதற்குப் பதிலாக நீங்கள் என்ன செய்யலாம் என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் விலையைப் பார்ப்போம். சாதாரண ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று லட்சக்கணக்கில் விலை போகும் என்று செல்பேசியில் செய்திகள் வருகின்றன. நம்பித் தொடர்பு கொண்டால், "முதலில் கட்டணம் செலுத்துங்கள்" என்கிறார்கள். இத்தகைய மோசடிகளைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் மக்களை எச்சரித்தது. பழைய நாணயங்களை விற்பதிலோ வாங்குவதிலோ தனக்குப் பங்கில்லை என்றும், அதற்காகக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்றும் அது தெளிவாகக் கூறியது. கோடிக்கணக்கில் அச்சிட்ட நாணயம் அரிதாக இருக்க முடியாது என்பது எளிய கணக்குத்தானே?

சரி, வேறு எப்படிச் சேர்ப்பது? சேகரிப்போர் இரு வழிகளைக் கையாள்கின்றனர். ஒன்று, ஆண்டு வரிசை: ஒரே நாணயத்தை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒவ்வொரு நாணயச் சாலைக்கும் ஒன்றாகத் தேடுவது. இது முடிவில்லாதது, பணமும் வேண்டும். மற்றொன்று, வகை வரிசை: உலோகம், வடிவம், எடை, சின்னம் ஆகியவற்றில் மாறுதல் வரும்போது மட்டும், வகைக்கு ஒன்று எடுத்துக்கொள்வது. இந்த இரண்டாவது வழியை உங்கள் குடும்பத்தோடு இணைத்துவிடுங்கள் என்பதே என் யோசனை. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு நாணயம். அவர் பிறந்தபோது வழங்கிய வகை. பத்துப் பன்னிரண்டு நாணயங்களில் வரிசை முடிந்துவிடும்.

ஒரு ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள். 1962இல் வந்த நிக்கல் ரூபாயின் எடை 10 கிராம். 1975 முதல் செம்பும் நிக்கலும் கலந்த ரூபாய் வந்தது. எடை 8 கிராம். 1983 முதல் அதே கலவையில் 6 கிராம். 1992இல் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு வந்தது, 4.85 கிராம். 2011இல், புதிய ரூபாய்க் குறியுடன் வந்த நாணயம் 3.79 கிராம். முதலாவது உங்கள் பெரியப்பாவுக்கு, இரண்டாவது அப்பாவுக்கு, மூன்றாவது அம்மாவுக்கு, நான்காவது அக்காவுக்கு, ஐந்தாவது உங்களுக்கு என்று அமையலாம். ஐந்தும் ஒரு ரூபாய்தான். ஆனால் கடைசி ரூபாயின் எடை முதல் ரூபாயின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை! காரணம் என்ன? நாணயத்திலுள்ள உலோகத்தின் விலை, அதன்மேல் பொறித்த மதிப்பை மிஞ்சிவிட்டால், மக்கள் அதை உருக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே அரசு உலோகத்தை மாற்றும், அல்லது எடையைக் குறைக்கும். விலைவாசியின் வரலாற்றை உங்கள் குடும்பத்தின் வரிசையே தராசில் காட்டிவிடுகிறது.

இப்போது ஒரு காந்தத்தை அருகில் கொண்டுசெல்லுங்கள். பெரியப்பாவின் நிக்கல் ரூபாய் ஒட்டும். அப்பாவின் ரூபாயும் அம்மாவின் ரூபாயும் ஒட்டா. அவற்றில் நான்கில் மூன்று பங்கு செம்பு. செம்பு அணுக்கள் இடையே கலந்துவிட்டால், நிக்கல் அணுக்களின் காந்த ஒழுங்கு சாதாரண வெப்பநிலையில் நிலைப்பதில்லை. அக்காவின் எஃகு ரூபாயும் உங்களுடையதும் மறுபடி ஒட்டும். பாடநூலில் படித்த காந்தவியல் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது அல்லவா?

பிறந்த ஆண்டுக்கே நாணயம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் சிலருக்குக் கிடைக்காது. 1948, 1949 ஆகிய ஆண்டுகள் பொறித்த இந்திய நாணயம் புழக்கத்துக்கு வரவே இல்லை. ஆங்கிலேயர் கால நாணயங்கள் 1947ஆம் ஆண்டோடு நின்றன. சிங்க முகத் தூண் பொறித்த குடியரசு நாணயங்கள் 1950இல் வந்தன. 1949இல் பிறந்த பாட்டிக்கு என்ன செய்வது? அவர் தவழ்ந்த காலத்தில் கைமாறிக்கொண்டிருந்த ஓட்டைக் காலணா இருக்கிறதே! இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்தை மிச்சப்படுத்த, 1943 முதல் 1947 வரை நடுவில் துளையிட்டு அடித்த காசு அது. முந்தைய காலணாவின் எடை ஏறத்தாழ 4.9 கிராம், ஓட்டைக் காலணா ஏறத்தாழ 2 கிராம்தான். அறுபத்து நான்கு காலணா சேர்ந்தால் ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1ஆம் நாள் நூறு நயா பைசா கணக்கு வந்தபோது கடைவீதியில் நடந்த குழப்பத்தைப் பெரியவர்கள் எவரேனும் இன்னும் நினைவு வைத்திருந்தால், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி, இந்த வேலையில் வரக்கூடிய ஒரு சிக்கலுக்கு வருவோம். பாட்டி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கும் ஒரு ரூபாயை எடுத்துத் தந்து, "என் அம்மா எனக்குக் கொடுத்த வெள்ளி ரூபாய்" என்று சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். ஆண்டு 1947. காந்தத்தைக் காட்டினால் ஒட்டுகிறது. அப்படியானால் அது வெள்ளி அன்று, நிக்கல். 1939 வரை ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்தது. 1940 முதல் பாதியாகக் குறைந்தது. 1947இல் வெள்ளியே இல்லை. பார்வைக்கு எல்லாம் வெண்மைதான். எனவே வெள்ளி என்ற பேச்சு வீட்டில் நிலைத்துப்போனதில் வியப்பில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி அன்று என்று சொல்லலாம். ஒட்டாவிட்டால் வெள்ளிதான் என்று முடிவுகட்டக் கூடாது, பித்தளையும் ஒட்டாது. அதற்கு ஆர்க்கிமிடீஸ் முறை வேண்டும். பழைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். அதை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கி நிறுத்தால் எடை ஏறத்தாழ 1.13 கிராம் குறையும். அதே எடையுள்ள வெள்ளி முலாம் பூசிய பித்தளையானால் குறைவு 1.3 கிராமுக்கு மேல் இருக்கும். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசு உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருந்தால் போதும்.

பாட்டியிடம் என்ன சொல்வது? "இது வெறும் நிக்கல்" என்று சொல்லி அவர் முகத்தை வாடச் செய்வதா? அல்லது அவர் மனம் நோகாதிருக்க "வெள்ளி" என்றே எழுதி வைப்பதா? இரண்டும் சரியல்ல. உலோகம் எது என்பது ஒரு கேள்வி. யார் கொடுத்தது என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குக் காந்தமும் தராசும் விடை சொல்லும். இரண்டாவதற்குப் பாட்டி மட்டுமே சொல்ல முடியும். நிக்கல் என்று தெரிந்ததால், அவருடைய தாயார் கொடுத்தது என்பது பொய்யாகிவிடாது.

ஆகவே ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு சிறு அட்டை எழுதுங்கள். அதில் இரண்டு பகுதிகள் இருக்கட்டும். "அளந்தது" என்ற பகுதியில் ஆண்டு, எடை, விட்டம், காந்தச் சோதனை. "கேட்டது" என்ற பகுதியில் யார் சொன்னார், என்று சொன்னார், என்ன சொன்னார். கடையில் வாங்கிய நாணயமானால் "வாங்கியது" என்று எழுதுங்கள். தாத்தாவின் பெட்டியில் இருந்தது என்று எழுதி இடைவெளியை நிரப்ப வேண்டாம். அட்டையில் ஒரு பொய் புகுந்துவிட்டால், நாளைக்குப் படிப்பவர் மற்ற அட்டைகளையும் ஐயுறுவார்.

காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் கோயில் ஒன்று உண்டு. அதன் சங்கீத மண்டபத்தை 1387இல் விசயநகர அரசின் அமைச்சர் இருகப்பர் கட்டுவித்தார் என்று நமக்கு எப்படித் தெரியும்? கல்வெட்டில் எழுதியிருப்பதால் தெரியும். எழுத்து இல்லாதிருந்தால் தூண்கள் நின்றிருக்கும். கட்டியவர் பெயர் போயிருக்கும். இங்கே தறி நெய்யும் குடும்பங்களுக்கு இன்னொன்றும் தெரியும். பழைய பட்டுச் சேலையை, ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக எடைபோட்டு வாங்குவோர் உண்டு. உருக்கினால் வெள்ளி கிடைக்கும். யாருடைய கலியாணத்துக்கு நெய்த சேலை என்பது கிடைக்காது. குடும்பத்து ரூபாயை வெள்ளி விலைக்குப் போட்டால் நடப்பதும் அதுவே.

வரிசையில் ஊருக்கும் உறவுக்கும்கூட இடம் கொடுக்கலாம். காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டை ஒட்டி 2009இல் வந்த ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையொப்பம் இருக்கிறது. மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த நாணயத்தில் அந்நாட்டின் பெயர் தமிழிலும் இருப்பதைப் பாருங்கள்.

சில எச்சரிக்கைகள். பழைய நாணயத்தைப் புளியாலோ திருநீற்றாலோ தேய்க்காதீர்கள். கறுப்போடு சேர்ந்து உலோகமும் தேயும், பொறிப்பும் மழுங்கும். விளிம்பைப் பிடித்தே எடுங்கள். நாளடைவில் பிசுபிசுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறைகளைத் தவிர்த்துக் காகித உறையில் வையுங்கள். மண்ணில் புதையலாகக் கிடைத்த காசுகளை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அவை உங்கள் வரிசைக்கு உரியவை அல்ல.

2011 ஜூன் 30 முதல் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் குறைந்த காசுகளும் செல்லாமற் போயின. அப்பாவின் பத்துப் பைசாவுக்குக் கடையில் இன்று எதுவும் கிடைக்காது. அதை எங்கே, எதற்காகச் செலவழித்தார் என்பது அவருக்கு நினைவிருக்கும். நாணயம் பெட்டியில் காத்திருக்கும்; சொல்பவர்கள் எப்போதும் இருக்கமாட்டார்கள். இந்த விடுமுறையில் ஒரு காந்தமும் ஒரு குறிப்பேடும் எடுத்துக்கொண்டு, வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடமிருந்து தொடங்குங்கள்.