காத்திருப்போர் வரிசை

இராயபுரத்தினின்று காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் இருவகை வரிசைகளை மக்கள் நெடுங்காலமாகக் கண்டு வந்துள்ளனர். ஒன்று, அலைகளின் வரிசை. மற்றொன்று, துறைமுகத்திற்குச் செல்லும் லாரிகளின் வரிசை. அலைகள் கரையைத் தொட்டவுடன் மீளும். லாரிகளோ நின்ற இடத்திலேயே நிற்கும்.

சென்னைத் துறைமுகத்தில் 1983ஆம் ஆண்டில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பெற்றது. அதன்பின், இரும்புப் பெட்டகங்களைச் சுமந்த லாரிகள் நாள்தோறும் அங்கு வரலாயின. நெருக்கடி மிகுந்த காலங்களில் அவ்வரிசை பல கிலோமீட்டர் நீண்டதுண்டு. ஓட்டுநர் உணவும் உறக்கமும் இன்றி வண்டியிலேயே காத்துக்கிடப்பர். சாலையோரத்து மக்களோ, நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் வழியின்றித் தவிப்பர். ஆதலின் வரிசை என்பது சிறு செய்தி அன்று.

வண்டிகளின் மிகுதியே இதற்குக் காரணம் என்பர் பலர். அது பாதி உண்மையே. டென்மார்க்கு நாட்டைச் சேர்ந்த எர்லாங் என்னும் கணித அறிஞர், தொலைபேசி அழைப்புகள் ஏன் தேங்குகின்றன என ஆராய்ந்து, 1909ஆம் ஆண்டில் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வரிசைக் கணிதம் என்னும் துறை அதிலிருந்தே வளர்ந்தது.

அக்கணிதம் கூறுவது யாது? ஒரு வாயிலில் ஒரு லாரியைச் சோதிக்கச் சராசரியாக 3 நிமிடம் ஆகிறது எனக் கொள்வோம். மணிக்கு 20 லாரிகளை அவ்வாயில் ஏற்கும். லாரிகள் நேரம் குறியாது வருகின்றன. சோதனை நேரமும் வண்டிக்கு வண்டி கூடியும் குறைந்தும் வேறுபடுகிறது. மணிக்கு 10 லாரிகள் வந்தால், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் காத்திருக்கும். 18 வந்தால் 27 நிமிடம் காத்திருக்கும். 19 வந்தாலோ 57 நிமிடம்! ஒரே ஒரு வண்டி கூடியதும் காத்திருப்பு இருமடங்கிற்கு மேல் ஆயிற்று. நிறைகுடத்தில் மேலும் ஒரு துளி விழுந்தாலும் வழியுமன்றோ? அது போன்றதே இதுவும்.

இதனின்று தெளிவது ஒன்று. வாயிற்பணியாளர் சற்றே ஓய்ந்திருப்பதைக் கண்டு, 'வீண் செலவு' எனக் கருதுதல் தவறு. அச்சிறு ஓய்வே வரிசையைக் குறுக்கும் மருந்து. ஓய்வை முற்றும் ஒழித்தால், அங்கு மிச்சமாகும் பொருளை ஓட்டுநரின் உழைப்பு நேரத்திலிருந்து பன்மடங்காகப் பறித்தவராவோம்.

இரண்டாவது, வருகையை ஒழுங்குபடுத்துதல். ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் குறித்தளித்தலும், ஆவணங்களை வாயிலுக்கு வருமுன்னரே சோதித்து முடித்தலும், வண்டிகள் சாலையில் அன்றித் தனி நிறுத்துமிடத்தில் தங்கச் செய்தலும் பயன் தரும். உள்ளே பெட்டகம் இறக்கும் வேலை தாமதமாயின், வாயில்களை மட்டும் பெருக்குவதால் பயனில்லை. நெரிசல் வெளியிலிருந்து உள்ளே இடம் மாறுமேயன்றி ஒழியாது.

மூன்றாவது, முறைமை. வானூர்தி நிலையங்களில் பயணியர் பலரும் கயிறு கட்டிய ஒரே வளைந்த வரிசையில் நின்று, ஒழியும் மேசைக்கு ஒவ்வொருவராகச் செல்வதைக் காணலாம். மேசைதோறும் தனி வரிசை இருப்பின், பின்வந்தவர் முன்செல்லலும் முன்வந்தவர் மனம் புழுங்கலும் நிகழும். ஒரே வரிசையிலோ முன்வந்தவருக்கு முதல் இடம் கிடைக்கும். ஒருபுறம் பயணியர் காத்திருக்க மறுபுறம் ஒரு மேசை வெறிதே இருப்பதும் இல்லை. அறமும் கணிதமும் ஒன்றுபடும் இடம் இது.

காத்திருப்போர் பொறுமை காத்தல் கடனே. ஆயினும், பொறுமையைப் பிறரிடம் வேண்டுவோர் முதலில் முறையை அமைத்தல் வேண்டும். குறுக்கே புகுந்து முந்துபவன் பிறர் நேரத்தைக் களவாடுகிறான். முறையின்றிக் காக்க வைக்கும் அமைப்பும் அதே களவையே செய்கிறது. பொன்னைத் திருடினால் மீட்கலாம். போன பொழுதை மீட்பார் யார்?