கால்நடை டாக்டர் பதில்கள்: தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ராட்வீலர் வளர்க்கலாமா?

கேள்வி: ‘‘தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறோம். நான்கு மாதத்தில் இரண்டு முறை மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காவலுக்கு என்று 8 மாத ராட்வீலர் நாய் ஒன்றை வாங்க என் கணவர் முன்பணம் கொடுத்துவிட்டார். எங்களுக்கு மூன்றரை வயதில் மகனும், தவழும் வயதில் மகளும் இருக்கிறார்கள். ‘பகலில் கட்டிப்போட்டு ராத்திரி அவிழ்த்துவிட்டால் ஒன்றும் ஆகாது’ என்கிறார் கணவர். ‘புள்ளைக இருக்கற வீட்டுல அந்த நாய் வேண்டாம்’ என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?’’

- வாசகி, தாராபுரம்.

பதில்: மாமியார் சொல்வதைக் கேளுங்கள், சகோதரி. முன்பணம் திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை. ஆனால், ‘அந்த நாய் வேண்டாம்’ என்பதோடு விஷயம் முடியவில்லை. உங்கள் கணவர் சொன்ன ‘பகலில் கட்டிப்போட்டு ராத்திரி அவிழ்த்துவிடுவது’ என்ற முறையும் வேண்டாம். அது எந்த நாயாக இருந்தாலும் சரி. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் நாயின் இனம். ராட்வீலர், ஜெர்மனியில் மாட்டு மந்தையை ஓட்டவும் கறிக்கடைக்காரர்களின் வண்டியை இழுக்கவும் வளர்க்கப்பட்ட நாய். புத்திசாலி, பழக்கினால் சொன்னபடி கேட்கும். கெட்ட நாய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், வளர்ந்த கிடாநாய் 50 கிலோ எடை வரும். உங்கள் மகனின் எடை 14 கிலோ இருக்குமா? நாட்டு நாய் பல் பட்டால் காயம் ஆகிற இடத்தில், இந்த நாய் கடித்து உலுக்கினால் உயிரே போகலாம். குழந்தையின் முகமும் கழுத்தும் நாயின் வாய் உயரத்தில் இருக்கின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள். பெரியவருக்குக் காலில் விழும் கடி, குழந்தைக்கு முகத்தில் விழுகிறது.

அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை 20 ஆண்டுகளில் நாய் கடித்து இறந்தவர்களில், எந்த இன நாய் கடித்தது என்று தெரிந்த 238 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். குறைந்தது 25 இன நாய்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. அதாவது, ‘இந்த இனம் கடிக்கவே கடிக்காது’ என்று எதையும் சொல்ல முடியாது. அதேசமயம், பாதிக்கும் மேற்பட்ட மரணங்களில் இருந்தவை பிட்புல் வகை நாய்களும் ராட்வீலர்களும்தான். சென்னையில் 2024 மே மாதம், ஆயிரம்விளக்கு பகுதி மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கும்.

‘குட்டியிலிருந்து வளர்த்தால் கடிக்காது’ என்றும் சொல்வார்கள். 8 மாத நாய் குட்டியே அல்ல. ஒரு நாய்க்குட்டி, மனிதர்களையும் குழந்தைகளையும் ‘இவர்கள் நம்மவர்கள்’ என்று மனதில் பதித்துக்கொள்வது ஏறக்குறைய 3-வது வாரத்திலிருந்து 14-வது வாரம் வரைதான். அந்தக் காலத்தில் இந்த நாய் எங்கே இருந்தது, யாரைப் பார்த்து வளர்ந்தது, ஒரு குழந்தையையாவது பார்த்திருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. மேலும் ராட்வீலர் போன்ற பெரிய இனங்களுக்கு முழுக் குணம் தெரிய ஒன்றரை, இரண்டு வயது ஆகும். 8 மாதத்தில் சாதுவாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

இனி இரண்டாவது விஷயம். அதுதான் நம் தோட்டங்களில் அதிகம் நடக்கிறது.

நான் அரசுப் பணியில் இருந்தபோது, ஒரு தோட்டத்துக்கு வருஷா வருஷம் மாடுகளுக்கு ஊசி போடப் போவேன். அங்கே புளியமரத்தடியில் ஒரு கோம்பை நாய். நல்ல நாய். அதே முளைக்குச்சி, அதே நாலடிச் சங்கிலி. சோறு வைக்கிற பண்ணையாள் ஒருவரைத் தவிர வேறு யாரும் அதன் பக்கத்தில் போகமாட்டார்கள். அதற்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒரு மே மாத விடுமுறையில் பேத்தி ஊரிலிருந்து வந்தாள். கையில் முறுக்கோடு நாயைப் பார்க்கப் போனாள். கன்னத்தில் கடித்துவிட்டது, 11 தையல். மறுநாள் பெரியவர் என்னிடம் வந்து, ‘‘டாக்டரய்யா, ஊசி போட்டு முடிச்சுடுங்க’’ என்றார். ‘‘இதுக்கு முன்னாடி குழந்தைகளைப் பார்த்து உறுமியிருக்கா?’’ என்று கேட்டேன். ‘‘முதல்ல உறுமும். அடிச்சு அடிச்சு அந்தப் பழக்கத்தை நிறுத்திட்டோம்’’ என்றார்.

‘கிட்டே வராதே’ என்று சொல்வதற்கு அந்த நாய்க்கு இருந்த ஒரே பாஷை உறுமல்தான். அதையும் அடித்து நிறுத்தியாகிவிட்டது. சங்கிலி இருப்பதால் ஓடவும் முடியாது. மிச்சம் இருந்தது பல் மட்டும். அந்தச் சங்கிலியை ஆறு வருஷம் பார்த்தவன் நான். ஊசி போட்டேனே தவிர, ‘இப்படிக் கட்டாதீர்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் கன்னத்துத் தழும்பில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்தப் பதில் இத்தனை நீளம்.

அதே அமெரிக்காவில், 2000 முதல் 2009 வரை நாய்க்கடியால் நேர்ந்த 256 மரணங்களை இன்னொரு குழு ஆராய்ந்தது. 87 சதவிகித சம்பவங்களில், தடுக்கக்கூடிய பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லை. 84 சதவிகிதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. 76 சதவிகிதத்தில், நாய் குடும்பத்தோடு பழகாமல் சங்கிலியிலோ, கொல்லையிலோ, கூண்டிலோ ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. இந்தக் காரணங்களில் எதுவும் இனத்தைப் பொறுத்தது அல்ல. எல்லாம் நம் கையில் இருப்பவை. கடி எவ்வளவு கொடூரமாக இருக்கும் என்பது பெரும்பாலும் நாயின் உடம்பையும் இனத்தையும் பொறுத்தது. கடி விழுமா, விழாதா என்பது பெரும்பாலும் வளர்ப்பைப் பொறுத்தது.

காவலுக்கு என்ன செய்வது?

கேபிள் திருடனைக் கடிக்க நாய் தேவையில்லை. ஆள் வருவதைக் குரைத்துச் சொன்னால் போதும். அதற்கு 2 மாத வயதுள்ள நாட்டு நாய்க் குட்டியே போதும். தாய் நாயைப் பார்த்து, அது அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சாதுவாக இருந்தால் அதன் குட்டியை எடுத்து வாருங்கள். சிப்பிப்பாறை, கன்னி இனங்களும் விழிப்பானவை. ஆனால், முயல் வேட்டைக்கு வளர்த்த நாய்கள் என்பதால் கோழி, ஆட்டுக்குட்டிகளைத் துரத்தும். சிறு வயதிலேயே பழக்க வேண்டும். கோம்பை, ராஜபாளையம் இரண்டும் அந்நியரை அண்டவிடாதவை. ‘நம்ம ஊர் நாய்’ என்பதற்காக அவற்றைச் சாது என்று நினைத்துவிட வேண்டாம்.

சங்கிலிக்குப் பதிலாக, 10-க்கு 15 அடியில், 6 அடி உயரத்துக்குக் கம்பிவலை அடைப்பு போடுங்கள். நிழலும் தண்ணீரும் இருக்கட்டும். கொண்டி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். குழந்தைகள் வாசலில் விளையாடும்போது நாய் அடைப்புக்குள். மற்ற நேரத்தில் வீட்டாரோடு. தினமும் ஒரு மணி நேரமாவது கயிற்றில் பிடித்துத் தோட்டத்தைச் சுற்றி நடத்துங்கள். வரப்பு பார்த்த மாதிரியும் ஆயிற்று.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆறு விதிகள்:

1. நாயும் சின்னக் குழந்தையும் தனியாக இருக்கவே கூடாது, ஒரு நிமிடம்கூட. ‘அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்று போனால், குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

2. நாய் சாப்பிடும்போது, எலும்பு கடிக்கும்போது, தூங்கும்போது, குட்டி போட்டிருக்கும்போது குழந்தை பக்கத்தில் போகக்கூடாது. எவ்வளவு சாதுவான நாயும் கடிக்கக்கூடிய நேரங்கள் இவை.

3. உறுமினால் அடிக்காதீர்கள். குழந்தையை விலக்குங்கள். எதற்காக உறுமியது என்று யோசியுங்கள்.

4. உறுமலுக்கு முன்பே அடையாளங்கள் உண்டு. உடம்பு விறைப்பது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பது, பசியில்லாமலே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது. வால் ஆட்டினாலே நட்பு என்று நினைக்காதீர்கள். விறைப்பாக நின்று வாலை மட்டும் ஆட்டினால் அது எச்சரிக்கை.

5. குழந்தைக்கும் சொல்லிக்கொடுங்கள்: வாலைப் பிடிக்கக்கூடாது, மேலே ஏறக்கூடாது, கட்டிப்பிடிக்கக்கூடாது. தெரியாத நாய் வந்தால் ஓடாமல் மரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு குப்புறப் படுத்து, கைகளால் காதையும் பின்கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும்.

6. நாய்க்கு 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. அடுத்த ஊசியை டாக்டர் சொல்லும் தேதியில் போட்டு, பிறகு ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். கருத்தடை செய்தால் காவல் குணம் போய்விடும் என்பது தவறான எண்ணம், குரைப்பது குறையாது.

மீறிக் கடித்துவிட்டால்: ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். ரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. ‘நம்ம நாய்க்குத்தான் ஊசி போட்டிருக்கே’ என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

கேள்வி: ‘‘ஐந்து வருடமாக ராஜபாளையம் நாய் வளர்க்கிறோம். அடுத்த மாதம் மகளுக்குப் பிரசவம். குழந்தையோடு இங்கே வந்து 5 மாதம் இருப்பாள். நாயை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமா?’’

- வாசகர், விருதுநகர் மாவட்டம்.

பதில்: இதுவரை எந்தக் குழந்தையிடமும் உறுமாத, பாயாத நாய் என்றால் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால், மகள் வருவதற்கு முன்பே ஏற்பாடுகளை ஆரம்பித்துவிடுங்கள். நாய் படுக்கும் இடத்தை இப்போதே மாற்றுங்கள். குழந்தை வந்த அன்று மாற்றினால் நாய் மிரளும். குழந்தை இருக்கும் அறை வாசலில் இடுப்பு உயரத்துக்குத் தடுப்புப் பலகை போடுங்கள். மருத்துவமனையிலிருந்து குழந்தையின் துணி ஒன்றை முதலில் கொண்டுவந்து மோப்பம் பிடிக்கவிடுங்கள். இன்னொரு விஷயம்: ராஜபாளையம் இனத்தில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உங்கள் நாய்க்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். திரும்பாவிட்டால், தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும்; கூடுதல் கவனம் வேண்டும். ஏற்கெனவே ஒரு குழந்தை மீது பாய்ந்திருந்தால், அந்த 5 மாதமும் குழந்தைகள் இல்லாத உறவினர் தோட்டத்தில் விட்டுவையுங்கள். பாய்ந்த விஷயத்தை அவர்களிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: ‘‘பக்கத்துத் தோட்டத்துக்காரர் பிட்புல் நாயை வண்டிப்பாதையில் அவிழ்த்துவிடுகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். கேட்டால், ‘இன்னும் யாரையும் கடிக்கலையே’ என்கிறார். இந்த நாய்க்குத்தான் தடை போட்டுவிட்டார்களே?’’

- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனையைத் தடுக்கச் சொல்லி 2024 மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது உண்மை. ஆனால், சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்காமல் வெளியிட்டது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. ஆகவே, அந்தச் சுற்றறிக்கையை மட்டும் நம்பி வாதாட வேண்டாம். இனம் எதுவாக இருந்தாலும் பொருந்தக்கூடிய சட்டம் ஒன்று இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரலாம் என்ற நிலையில் அதைத் தடுக்கத் தவறினாலே குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடித்த பிறகுதான் புகார் கொடுக்க வேண்டும் என்பது இல்லை.

முதலில் ஊர்ப் பெரியவர்கள் இருவரோடு போய்ப் பேசுங்கள். அடைப்பு போடவும், வெளியே வந்தால் கயிறும், மாட்டுக்குப் போடும் வாய்க்கூடை மாதிரி வாய்மூடியும் மாட்டவும் சொல்லுங்கள். கேட்காவிட்டால் ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கோபத்தில் விஷம் மட்டும் வைத்துவிடாதீர்கள். அது 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தக் கறித்துண்டை முதலில் தின்பது உங்கள் வீட்டு நாயாகவும் இருக்கலாம்.

தாராபுரம் சகோதரிக்கு மீண்டும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். கேபிள் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். குட்டி கிடைத்ததும் எழுதுங்கள். ஊசி போட வேண்டிய தேதிகளைக் குறித்து அனுப்புகிறேன்.

(நாய், ஆடு, மாடு, கோழி வளர்ப்பு பற்றிய உங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள். கால்நடையின் வயது, எடை, கடைசியாகப் போட்ட தடுப்பூசி விவரங்களையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.)