மெய்யான வில்லன் யார்?

இசை நாடகத்து வில்லன் என்றதும் முறுக்கிய மீசையும் உருட்டும் விழியுமே நம் நினைவுக்கு வரும். அச்சுறுத்துகிறவன் எல்லாம் வில்லன் ஆகிவிடுவானா? ஆகான் என்பதே என் கருத்து.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாருங்கள். நம் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவால் 19ஆம் நூற்றாண்டில் அச்சேறிய நூல் அது. அதில் வரும் வேதியர், சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இல்லாதவர், பாரதியார் படைத்தவர். அவர் கையில் வாளில்லை. சிதம்பரம் செல்ல விடை கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். அவ்வளவுதான்! சாத்திரமும் ஊர்வழக்கும் தம் பக்கமே என்று மனமார நம்புகிறார்.

புச்சினியின் 'டோஸ்கா'விலே (1900) காவல் தலைவன் ஸ்கார்ப்பியா, தேவாலய வழிபாட்டின் நடுவிலேயே சூழ்ச்சியை எண்ணி மகிழ்கிறான். ஆயினும், தான் செய்வது தீதென்று அவன் அறிவான். வேதியர் அறியார். ஆகவே அவரே கொடியவர்.

இறுதியில் அவர் நந்தனாரை வணங்குகிறார், உண்மைதான். அதற்கு ஓரிரவில் வயல் விளையும் அற்புதமே தேவைப்பட்டதே! பிறர் உரிமையை 'வேலை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடும் ஒவ்வொருவரிடமும் அந்த வேதியர் இன்றும் வாழ்கிறார். நம்மிடமும் இருக்கிறாரா? நண்பர்களே, சிந்திப்போம்.