வாங்கியவரே கடைசித் தொழிலாளி

ஆய்வுப் பரிமாற்றத்தின்பொருட்டு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், அதன் வடபகுதியில், ஒரு பருவம் தங்கியிருந்தேன். நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பணி ஓய்வுக்குப் பின் மனைவியுடன் நாடு முழுவதும் சுற்றிவர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. அதற்கெனச் சேமித்த பணத்தில் அந்த வசந்தத்தில் புத்தம்புதிய இழுவை வீடொன்றை வாங்கினார். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அடங்கியது. பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியிட்டு இழுத்துச் செல்வது. இவ்வாறு இழுக்கப்படுவனவற்றையும், எஞ்சின் பொருத்தப்பட்டுத் தாமே ஓடும் மோட்டார் இல்லங்களையும் சேர்த்து அங்கே ஆர்.வி. என்று அழைக்கின்றனர்.

வாங்கிய இரண்டாம் வாரம் மழை பெய்தது. கூரையும் பக்கச் சுவரும் கூடும் மூலையில் நீர் கசிந்து மெத்தை நனைந்தது. மேலேறிப் பார்த்தபோது, கூரை விளிம்பில் பூசியிருக்க வேண்டிய சீலண்ட் ஓரடி நீளத்திற்கு விடுபட்டிருந்தது. பாத்திரத் தொட்டியின் அடியில் தண்ணீர்க் குழாயின் வளையம் இறுக்கப்படவே இல்லை. மேல் அலமாரியைத் தாங்கிய திருகாணிகளுள் இரண்டு சுவருக்குள்ளிருந்த மரச்சட்டத்தில் இறங்காமல் மெல்லிய பலகையை மட்டும் துளைத்து நின்றன. முதல் பயணத்திலேயே அலமாரி சாய்ந்தது. வெப்பக் காற்று வரும் குழாய்களில் மரத்தூள் அடைத்திருந்தது. விற்பனை முகவரிடம் கேட்டதற்கு, ஏழு வாரம் கழித்து வண்டியைக் கொண்டுவந்து விட்டுச் செல்லும்படியும், எப்போது திரும்பக் கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது என்றும் சொன்னார்கள். அதற்குள் கோடையே முடிந்துவிடும்.

எனவே அவரே கருவிப்பெட்டியை எடுத்தார். சனிக்கிழமைகளில் கைவிளக்கு பிடிப்பது என் வேலையாயிற்று. எழுபதை நெருங்கும் ஒருவர் கூரைமீது மண்டியிட்டு, பழைய பூச்சைச் சுரண்டி, புதிய சீலண்டை ஒரே சீராக இழுத்துச் செல்வதைப் பார்ப்பது மகிழ்ச்சியாகவே இருந்தது. "இப்போதுதான் இது என்னுடைய வண்டி" என்று ஒருநாள் சொன்னார். நானும் அதை மனதார ஏற்றுக்கொண்டேன். தன் பொருளைத் தன் கையால் சரிசெய்துகொள்பவர்மீது நம் எல்லோருக்கும் ஒரு மதிப்பு உண்டு.

அவரிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. கண்ட குறை, சரிசெய்த நாள், செலவான நேரம் ஆகியவற்றை ஆசிரியருக்குரிய ஒழுங்குடன் எழுதிவந்தார். பருவத்தின் முடிவில் அதில் இருபத்து மூன்று குறைகளும் ஏறத்தாழ அறுபது மணி நேர உழைப்பும் பதிவாகியிருந்தன. இதைத் தயாரிப்பாளருக்கு அனுப்பினீர்களா என்று கேட்டேன். அவர் வியப்புடன் பார்த்தார். "எதற்கு? எல்லாவற்றையும்தான் சரிசெய்துவிட்டேனே!"

தொழிலுறவுகளைப் படிக்கும் மாணவன் என்ற முறையில் அந்த விடையை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அந்த அறுபது மணி நேரமும் யாருடைய வேலை? அதற்குரிய கூலி எங்கே போயிற்று?

வட அமெரிக்காவின் ஆர்.வி.க்களில் பத்துக்கு எட்டுக்கும் மேற்பட்டவை உருவாவது இந்தியானாவில். அதன் மையம் எல்க்ஹார்ட் வட்டாரம். கார்த் தொழிற்சாலையை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே செல்பவர் ஏமாந்துபோவார். வெல்டிங் செய்யும் எந்திரக் கைகளை அங்கே அரிதாகவே காணலாம். இரும்புச் சட்டகத்தின்மேல் தரை, சுவர், கூரை, குழாய், மின்கம்பி அனைத்தையும் மனிதர்களே திருகியும் ஒட்டியும் பொருத்துகின்றனர். பல ஆலைகளில் கூலி, குழுவாகப் பெறும் பீஸ் ரேட்; அன்றைய எண்ணிக்கை முடிந்தால் வேலையும் முடிந்தது. திருப்பூரின் தையற்கூடங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருகாணி சட்டத்தில் இறங்கவில்லை என்று ஒரு தொழிலாளி உணர்ந்தாலும், வரிசையை நிறுத்தினால் இழப்பது தன் கூலியை மட்டுமன்று, உடன் நிற்பவர்களின் கூலியையும்தான். ஆகவே குறையைத் தொழிலாளியின் சோம்பலாகக் காண்பது பிழை. எண்ணிக்கைக்குக் கூலி தந்து, தரத்துக்கு ஏதும் தராத ஏற்பாடு, தான் கேட்டதையே பெறுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் இந்த அழுத்தம் உச்சத்தைத் தொட்டது. 2019இல் சுமார் 4,06,000 ஆக இருந்த உற்பத்தி, 2021இல் 6,00,000ஐத் தாண்டிப் புதிய உச்சம் கண்டது. 2023இல் சுமார் 3,13,000 ஆகச் சரிந்தது. இவ்வளவு விரைவாக ஏறி இறங்கும் தொழிலில் அனுபவமுள்ள கைகள் ஓரிடத்தில் நிலைப்பது கடினம்.

குறையுள்ள பொருளைச் சந்தை ஏன் தண்டிப்பதில்லை என்பதே அடுத்த வினா. 1970இல் வெளிவந்த இரண்டு ஆக்கங்களை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, ஜார்ஜ் அகெர்லாஃபின் 'எலுமிச்சைகளின் சந்தை' பற்றிய கட்டுரை. குறையுள்ள காரை அமெரிக்கர் எலுமிச்சை என்பர். பழைய காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே பழைய கார்ச் சந்தையில் எலுமிச்சைகளே மிஞ்சும் என்பது அவர் வாதம். ஆர்.வி. உலகிலோ அனுபவசாலிகள் கூறும் அறிவுரை நேர்மாறானது: புதியதை வாங்காதே, இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடியதை வாங்கு, முதல் உரிமையாளர் எல்லாவற்றையும் சரிசெய்திருப்பார். அங்கே எலுமிச்சை புதிய பொருளாகவும், நம்பத்தக்கது பழைய பொருளாகவும் தலைகீழாகிவிட்டன. முதல் உரிமையாளர் முழு விலையையும் கொடுத்து, ஊதியமற்ற தரக் கட்டுப்பாட்டுப் பணியாளராகச் சேர்கிறார் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை.

இரண்டாவது, ஆல்பர்ட் ஹிர்ஷ்மனின் 'வெளியேற்றம், குரல், விசுவாசம்' என்ற நூல். தரம் தாழும்போது வாடிக்கையாளர் விலகிச் செல்லலாம், அல்லது குரல் எழுப்பலாம். தரத்தில் மிகுந்த அக்கறை கொண்டோர் முதலில் வெளியேறிவிட்டால், திருத்தக்கூடிய குரலும் அவர்களோடு போய்விடும் என்று ஹிர்ஷ்மன் எச்சரித்தார். ஆர்.வி. சந்தையில் வெளியேற்றம் கடினம். வணிகப் பெயர்கள் பல இருப்பினும் பெரும்பகுதி மூன்று பெருங்குழுமங்களுக்கே உரியது. குரல் எழுப்பத் தகுதி மிகுந்தவர் யார்? குறையின் காரணத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்த, கைத்திறன் உள்ள உரிமையாளர். அவர் வெளியேறுவதில்லை; குரலும் எழுப்புவதில்லை; தானே சரிசெய்துகொண்டு அமைதியாகிவிடுகிறார். ஹிர்ஷ்மனின் இரு வழிகளோடு மூன்றாவதாக இந்த மௌனப் பழுதுபார்ப்பையும் சேர்க்க வேண்டும். என் வீட்டுக்காரரின் திறமை எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவு முழுமையாக அந்த இருபத்து மூன்று குறைகளும் ஆலையின் கண்ணிலிருந்து மறைந்தன.

சட்டமும் அவருக்குப் பெரிதாக உதவுவதில்லை. 1982இல் கனெக்டிகட், கலிபோர்னியா மாநிலங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய 'எலுமிச்சைச் சட்டங்கள்', திரும்பத் திரும்பப் பழுதாகும் புதிய காரை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ வகைசெய்கின்றன. ஆனால் பல மாநிலங்களில் மோட்டார் இல்லத்தின் எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் கிடைக்கும் பாதுகாப்பு, மக்கள் வாழும் பகுதிக்குக் கிடைப்பதில்லை. இந்தியானாவின் சட்டமோ மோட்டார் இல்லங்களைத் தன் வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. நாட்டிலேயே மிகுதியாக இவற்றைச் செய்யும் மாநிலத்தின் நிலை இது. இவ்வண்டி வீடும் அன்று, காரும் அன்று. அந்த இடைவெளியில்தான் மழைநீர் இறங்குகிறது.

இக்கருத்தை மறுக்கும் நண்பர்கள் இரண்டு வாதங்களை முன்வைக்கக்கூடும்.

ஒன்று: வீட்டைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடினால் திருகாணி தளரத்தான் செய்யும், ஆகவே இது இயல்பு. பராமரிப்பு இயல்பு என்பதை நானும் ஏற்கிறேன். வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கும் கூரைப் பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது உரிமையாளரின் கடமை. சக்கரத்தின் நட்டுகளை முதல் பயணத்திற்குப் பின் மீண்டும் இறுக்குவதும் அப்படியே. ஆனால் ஒருபோதும் மரத்தில் இறங்காத திருகாணி தளர்வதற்கு என்ன இருக்கிறது? தேய்ந்ததைச் சரிசெய்வது பராமரிப்பு. செய்யாமல் விட்டதைச் செய்து முடிப்பது உற்பத்தி. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கப் பழகியதே தயாரிப்பாளர்களுக்குக் கிடைத்த பெருவெற்றி.

மற்றொன்று: பழுதுபார்க்கும் உரிமைக்காக உலகெங்கும் போராடிவரும் வேளையில், தானே சரிசெய்வதைக் குறைகூறலாமா? அந்த உரிமையின் பக்கமே நான் நிற்கிறேன். 1975இன் மக்னுசன்–மாஸ் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் உதிரிபாகத்தையோ சேவையையோ விலை கொடுத்துப் பெற்றால்தான் வாரண்டி செல்லும் என்று பொதுவாக நிபந்தனை விதிக்க முடியாதபடி தடுத்தது. அது நல்ல சட்டம். ஆயினும் பழுதுபார்க்கும் உரிமை வேறு, பழுதுபார்த்தே தீரவேண்டிய நிர்ப்பந்தம் வேறு. என் வீட்டுக்காரருக்குத் திறமை இருந்தது, நேரம் இருந்தது, கூரையில் ஏற உடல்வலிமையும் இருந்தது. அடுத்த தெருவில் அதே விலையைக் கொடுத்த, முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டிக்கு இவை எவையும் இல்லை. வல்லவர்கள் மௌனமாகச் சமாளிக்குமிடத்தில், இயலாதவர்களின் புகார் 'உங்களுக்குத் தெரியவில்லை' என்று திருப்பி அனுப்பப்படுகிறது.

ஆகவே நான் சொல்வது எளிது. சரிசெய்யுங்கள், ஆனால் சாட்சியத்தை அழித்துவிட்டுச் சரிசெய்யாதீர்கள். பிரிப்பதற்கு முன் படம் எடுங்கள். குறை, நாள், நேரம், செலவு ஆகியவற்றை எழுதி, வாரண்டிக் காலத்திலேயே தயாரிப்பாளருக்கும் முகவருக்கும் எழுத்து வடிவில் அனுப்புங்கள். எரிவாயு, பிரேக், அச்சு போன்றவற்றில் கைவைக்காமல் தகுதியுள்ளவரிடம் விடுங்கள். அவற்றில் காணும் குறைகளை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் பதிவு செய்யுங்கள், ஏனெனில் வண்டிகளைத் திரும்பப் பெறும் நடவடிக்கைகளுக்கு அத்தகைய பதிவுகள் தூண்டுகோலாகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, முழுத் தொகையைக் கொடுத்துக் கையெழுத்திடும் முன் கூரைமீது நீர் பாய்ச்சிச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பணம் கைமாறுமுன் எழும் குரலுக்கு இருக்கும் வலு பின்னர் எழும் குரலுக்கு இருப்பதில்லை.

இந்தியாவில் அமர்ந்து இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்கலாம். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. வேறு மாநிலங்களும் முயல்கின்றன. சட்டகம் ஒருவருடையது, அதன்மேல் கட்டும் உடல் மற்றொருவருடையது, உள்ளிருக்கும் கருவிகள் இன்னும் பலருடையவை என்னும்போது, ஒழுகும் கூரைக்குப் பொறுப்பு யார் என்ற வினா இங்கும் எழும். அதைவிட நெருங்கிய காரணமும் உண்டு. தில்லியில் என் நண்பர்கள் பலர் புதிய அடுக்ககங்களில் குடியேறியிருக்கின்றனர். குடிபுகுந்த மறுமாதமே பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் தம் செலவில் அழைக்காதவர் அவர்களுள் அரிது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 14ஆம் பிரிவில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையையும் வேலைத்தரக் குறையையும் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வது கட்டுநரின் கடமை என்கிறது. எல்க்ஹார்ட்டில் வண்டி வாங்கியவர் பொறாமைப்படத்தக்க சட்டம் நம் கையில் இருக்கிறது. அப்படியிருந்தும் நாம் தரும் விடை அந்த ஆசிரியர் தந்ததேதான்: "எதற்கு? நானே ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேனே!"

நான் ஊர் திரும்பும் முன், இருவருமாக அமர்ந்து அந்தக் குறிப்பேட்டைத் தட்டச்சு செய்து தயாரிப்பாளருக்கு அனுப்பினோம். பதினெட்டு நாட்களுக்குப் பின் விடை வந்தது: 'உங்கள் மடல் பெறப்பட்டது.' அவர் சிரித்தார். அறுபது மணி நேரத்துக்கான கூலி வரவில்லை, வரப்போவதுமில்லை. ஆனால் அந்த இருபத்து மூன்று குறைகளும் இப்போது ஏதோ ஓர் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. அப்படிப்பட்ட மடல்கள் ஆயிரம் சேர்ந்தால் எண்ணிக்கை மட்டுமே பேசும் ஆலையிலும் தரம் ஓர் எண்ணிக்கையாக மாறும் என்று நம்புகிறேன்.

கடந்த ஐந்தாண்டுகளில் புதிய அடுக்ககத்தில் குடியேறி, குறைகளைத் தம் செலவில் சரிசெய்துகொண்ட நண்பர்கள் இருந்தால், அவற்றின் பட்டியலை எனக்கு எழுதுங்கள். அதற்கு முன், ஒரு படியைக் கட்டுநருக்கு அனுப்பிவிடுங்கள்.