ஒரு பிள்ளைக்கு ஒரே பட்டியல்: காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் தாய்–சேய்ப் பணிகளை இணைப்பது குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

காட்டுமன்னார்கோயில் வட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறக்கும் குழந்தைக்கு அரசின் மூன்று துறைகள் பொறுப்பு. கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசி போடுகிறார். அங்கன்வாடிப் பணியாளர் எடை பார்த்து, சத்துமாவு தருகிறார். குடிநீரும் துப்புரவும் ஊராட்சியின் பொறுப்பு. இந்த மூன்று பணிகளும் ஊராட்சி அளவில், மாதம் ஒரு நாள், ஒரே பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு சேர்ந்து நடக்க வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. இதற்குப் புதிய திட்டமோ புதிய செயலியோ தேவையில்லை. ஏற்கெனவே இருப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் போதும்.

ஏன் இந்த அறிக்கை

பிரசவத்தைக் காப்பதில் தமிழ்நாடு பெருமைப்படத்தக்க இடத்தில் இருக்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை.

பத்திரமாகப் பிறந்த பிள்ளை அதன்பிறகு ஏன் சரியாக வளரவில்லை? பிரசவம் பெரும்பாலும் ஒரே துறையின் வேலை. அதற்கு யார் பொறுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். வளர்ச்சி அப்படியல்ல. உணவு, தடுப்பூசி, தண்ணீர், கழிப்பறை, தாயின் உடல்நிலை, வீட்டின் வருமானம் எல்லாம் சேர்ந்தால்தான் பிள்ளை வளரும். பல துறைகள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைக்கு இன்று முழுப் பொறுப்பாளி யாருமில்லை.

எங்கே விட்டுப்போகிறது

வீராணம் ஏரிப் பாசனத்திலோ கொள்ளிடக் கரையிலோ உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கன்வாடியில் ஒரு குழந்தையின் எடை இரண்டு மாதமாக ஏறவில்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு. செவிலியர் உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் தருகிறார், போக்கு நிற்கிறது. மழை வந்ததும் மறுபடி தொடங்குகிறது. தெருக்குழாயின் உடைப்பில் சாக்கடை நீர் கலப்பதுதான் காரணம் என்றால், அதைச் சரிசெய்ய வேண்டியது ஊராட்சி. எடை குறைந்தது பணியாளரின் கைப்பேசியில் இருக்கிறது. மருந்து கொடுத்தது செவிலியரின் பதிவில் இருக்கிறது. குழாய் உடைப்பு ஊராட்சிச் செயலருக்குத் தெரியும். மூவரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கலாம்; ஆனாலும் அந்தப் பிள்ளை இளைத்துக்கொண்டே போகும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். பெண் கர்ப்பப் பதிவு செய்து பிக்மி (அரசின் கர்ப்பிணி–சிசு கண்காணிப்புப் பதிவு) எண் வாங்குவது புகுந்த ஊரில்; பிள்ளை பிறப்பது பிறந்த ஊருக்கு அருகில். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகள் போட வேண்டிய காலம் முழுவதும் தாயும் சேயும் இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருக்கிறார்கள். இரண்டு ஊர்ப் பணியாளர்களும் பேசிக்கொள்ளாவிட்டால், அங்கே போட்டிருப்பார்கள் என்று இவரும், இங்கே போட்டிருப்பார்கள் என்று அவரும் நினைத்துக்கொள்வார்கள். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகிறவர்களின் பிள்ளைகளுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது.

மேல்சிகிச்சைக்கு அனுப்புவதிலும் இதே நிலை. தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வந்து, இதயக் கோளாறையோ செவித்திறன் குறைவையோ கண்டுபிடித்துச் சீட்டு எழுதித் தருகிறது. காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் சுமார் 25 கிலோமீட்டர். கடலூர் அதைவிட வெகுதூரம். நடவுக்கூலியை நம்பியிருக்கும் தாய் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும். போனாரா, என்ன சொன்னார்கள், அடுத்து எப்போது என்று ஊரில் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

அனுபவம் சொல்வது

இந்த முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதந்தோறும் எடை பார்த்து, தேவைப்படும் குழந்தைகளுக்கு மட்டும் கூடுதல் உணவு தரப்பட்டது. கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது. ஆனால் ஊட்டச்சத்துப் பணியாளருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் இடையிலான இணைப்பு கடைசிவரை பலவீனமாகவே இருந்தது. அந்தப் பாடம் இன்றும் பொருந்துகிறது.

இலங்கையில் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார மருத்துவ அதிகாரி முறையில், கர்ப்பிணியையும் ஐந்து வயதுவரை பிள்ளையையும் வீடு தேடிச் சென்று கவனிப்பவர் அந்தப் பகுதியின் மருத்துவமாது. கேரளத்தில் 1990களிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்களும் அங்கன்வாடிகளும் கிராம ஊராட்சிகளின் பொறுப்புக்கு மாற்றப்பட்டன.

நம் கடலூர் மாவட்டத்திலேயே 2025 ஜூலை 15 அன்று சிதம்பரத்தில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் தொடங்கிவைக்கப்பட்டன. ஊரகப் பகுதிகளில் 15 துறைகளின் 46 சேவைகளை ஒரே பந்தலில் தர முடியும் என்று அவை காட்டின. முகாம் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். பிள்ளையின் எடையை மாதாமாதம் பார்த்தாக வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

1. செவிலியர் தடுப்பூசிக்காக ஊருக்கு வரும் புதன்கிழமைகளில் ஒன்றைக் கூட்டுநாளாக அறிவிக்க வேண்டும். ஊட்டச்சத்து நாள் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஊராட்சிச் செயலரும் குடிநீர்த் தொட்டி இயக்குபவரும் கலந்துகொள்வது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

2. பிக்மி பதிவையும் அங்கன்வாடிப் பதிவையும் அன்றே ஒப்பிட்டு, ஆறு வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பட்டியல் தயாரிக்க வேண்டும். தாய்வீட்டுக்குப் போனவர்களும் வேலைக்காக வெளியூர் போனவர்களும் அதில் தனியாகக் குறிக்கப்பட வேண்டும்.

3. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பாளர் ஒருவரை ஊரில் குறிக்க வேண்டும். குடும்பத்தின் பயணச் செலவுக்கு வழி செய்ய வேண்டும்.

4. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் பிள்ளைகள் நலம் நிலையான பொருளாக இடம்பெற வேண்டும். எண்ணிக்கைகளை மட்டும் அங்கே சொல்லலாம். எந்தக் குழந்தையின் பெயரையும் நோயையும் சபையில் வாசிக்கக் கூடாது. காட்டுமன்னார்கோயில், லால்பேட்டைப் பேரூராட்சிகளில் மன்றக் கூட்டம் இதைச் செய்ய வேண்டும்.

5. காலிப் பணியிடங்களை முதலில் நிரப்ப வேண்டும். ஒரே தகவலை இரண்டு செயலிகளிலும் மூன்று பதிவேடுகளிலும் எழுதவைப்பதை நிறுத்த வேண்டும்.

எதை நாங்கள் ஏற்கவில்லை

துறைகளைக் கலைத்து ஒன்றாக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அங்கன்வாடிப் பணியாளரைச் செவிலியரின் உதவியாளராக்குவதையும் எதிர்க்கிறோம். பொறுப்பில் மூவரும் சமம். ஒருங்கிணைப்பு என்ற பெயரில் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரின் தலையில் கூடுதல் வேலை ஏற்றப்பட்டால், அதை எதிர்ப்பவர்களில் நாங்களும் இருப்போம்.

ஊராட்சியிடம் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அரசியலமைப்பே பதில். 73ஆவது திருத்தத்தின் வழியே வந்த பதினோராவது அட்டவணை குடிநீர், சுகாதாரம், குடும்பநலம், மகளிர்–குழந்தை மேம்பாடு ஆகியவற்றை ஊராட்சிகளுக்கு உரிய பொருள்களாகப் பட்டியலிடுகிறது. 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். மக்கள் கேள்வி கேட்கக்கூடிய வார்டு உறுப்பினர் இல்லாத ஊராட்சியில் இந்த இணைப்பு முழுமையாகாது. அத்தகைய இடைவெளி இனி நேராதபடி ஊராட்சித் தேர்தல்கள் உரிய காலத்தில் நடந்தாக வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் காட்டுமன்னார்கோயில், குமராட்சி ஒன்றியங்களில் ஒவ்வொன்றிலும் சில ஊராட்சிகளைத் தேர்ந்து, இந்தக் கூட்டுநாளை உடனே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பெற்றோர்களே, அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். உங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகளின் எடை குறைவாக இருக்கிறது, அதற்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது அலுவலர்களின் கடமை.